இணுவிலில் ஒரு வில்லாராய்ச்சி

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்பவர் ஒரு விந்தையைக் காணலாம். முதலிற் கொக்குவில் வரும், அடுத்துக் கோண்டாவில், அதன்பின் இணுவில், அதையும் கடந்தால் உடுவில். நான்கு ஊர்களும் தோளிலே வில்லை மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்பன போலத் தோன்றும். சிறு பராயத்தில் இவ்வழியே பஸ்வண்டியிற் சென்றபோது, முன்னொரு காலத்தில் இங்கு வாழ்ந்தோர் யாவரும் வில்லாளிகளாகவே இருந்திருக்க வேண்டும் என்று நாம் எண்ணி மகிழ்ந்ததுண்டு. பின்னர் எம் தமிழாசிரியர் அந்த மகிழ்ச்சியைக் கலைத்துவிட்டார். ஊர்ப்பெயரின் ஈற்றில் நிற்கும் வில், அம்பு எய்யும் வில் அன்று. மழைநீர் தேங்கும் ஆழமற்ற நீர்நிலை என்பதே அதன் பொருள் என்று விளக்கினார். புத்தளத்துக்கு வடக்கே வில்பத்துக் காட்டில் இத்தகைய 'வில்லு'க்களை இன்றும் காணலாம்.

ஆயினும் சென்ற ஆண்டுத் தைப்பூசத்தன்று, நீர்நிலையாகிய வில்லின் பெயர் தாங்கிய இணுவிலில், அம்பு எய்யும் வில்லைப் பற்றியே நாள் முழுவதும் பேசிக் கழிக்கும்படி எமக்கு நேர்ந்தது. அந்நாளின் கதையே இது.

இணுவையூர்

இணுவில், நகரிலிருந்து ஏறக்குறைய 7 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. புகைவண்டியிற் போனாலும் இறங்கலாம். போரினால் நெடுங்காலம் நின்றுபோயிருந்த வடபாதை 2014இல் யாழ்ப்பாணம் வரையும், 2015இன் தொடக்கத்திற் காங்கேசன்துறை வரையும் மீண்டும் திறக்கப்பட்டது. செம்மண் நிலம், கையளவு நிலத்தையும் வீணாக்காத தோட்டங்கள், புகையிலையும் மரக்கறியும் பச்சைப் பசேலென நிற்கும். பூவரசும் கிளுவையும் நின்ற வேலிகள் பல இப்போது மதில்களாகிவிட்டன. எனினும் ஒழுங்கைகளுக்குள் இறங்கி நடந்தால் பழைய வேலிகளும் அவற்றின் நிழலும் ஆங்காங்கே எஞ்சியிருப்பதைக் காணலாம்.

ஊரின் பெருமைகள் பல. பஞ்சவன்னத் தூது பாடிய சின்னத்தம்பிப் புலவர் இவ்வூரினர். தவில் மேதை தட்சணாமூர்த்தி இவ்வூர்த் தவிற்குடும்பத்தில் உதித்தவர். அமெரிக்க மிசனாரிமார் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென 1898இல் இங்கே திறந்த மக்லியொட் மருத்துவமனையிற் பிறந்தவர்கள் இன்று உலகெங்கும் பரந்திருக்கிறார்கள். பரராசசேகரப் பிள்ளையார் கோயிலும் சிவகாமியம்மன் கோயிலும் கந்தசுவாமி கோயிலும் ஊரின் கண்கள். கந்தசுவாமி கோயிலின் 'உலகப் பெருமஞ்சம்' பெரிய சந்நியாசியார் என்னும் அடியவரின் முயற்சியால் உருவானது. சிற்ப வேலைப்பாடுகள் நிறைந்து கோபுரம் போல் உயர்ந்து நிற்கும் அம்மரமஞ்சம் தைப்பூசத்தன்று வீதியுலா வரும். அக்காட்சியைக் காணவே நாம் சென்றோம்.

இணுவிலில் வாழும் எம் தமக்கையாரின் மகன், கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் பதினைந்து ஆண்டுகளாகக் கணக்காளராகப் பணிபுரிபவர், விடுமுறைக்கு வந்திருந்தார். படலையைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் தமக்கையார் முறைப்பாட்டுடனேயே எம்மை வரவேற்றார்.

"தம்பி, நல்ல நேரம் வந்தாய். உவன் அங்கை வில்லும் அம்பும் கொண்டு மலைக்கு வேட்டைக்குப் போறானாம். சைவப் பிள்ளை செய்யிற வேலையோ? நீயே கேள்."

மருமகன் தலையைக் குனிந்துகொண்டார். சற்று நேரத்தின் பின், "மாமா, உங்களிட்டை ஒரு கணக்குக் கேக்கவேணும்" என்று மட்டும் சொன்னார். நாம் கல்லூரியிற் பௌதிகவியல் கற்பிப்பவர் என்பதால் இவ்வாறு கேட்பவர் பலர். ஆனால் அவர் கேட்க வந்தது வெறும் கணக்கன்று என்பதை முகம் காட்டிற்று. தேநீருடன் கிணற்றடிக்குச் சென்று அமர்ந்தோம்.

தவறிய அம்பு

அவர் சொன்னது இது. அல்பேர்ட்டாவில், துப்பாக்கி வேட்டைக்கு முன்னதாக, வில்லுக்கெனத் தனிப் பருவம் உண்டு. அனுமதிச்சீட்டுப் பெற்றவர் புரட்டாதி மாதமளவில் றொக்கி மலைச் சாரலுக்குச் செல்வர். வாகனம் போகாத காட்டுக்குள் கூடாரமும் உணவும் முதுகிற் சுமந்து நாட்கணக்கில் நடக்க வேண்டும். அப்படி நடந்த ஒரு மாலையில், எல்க் எனப்படும் பெரிய மானினத்து ஆண் விலங்கொன்று 40 யார் தொலைவிற் சரிவில் நின்றது. இடப்பக்கம் நோக்கி நின்றது. மூன்று மணி நேரம் மலையேறிய களைப்பிலே மருமகன் வில்லை வளைத்து எய்தார். அம்பு குறியினின்று வலப்புறம் விலகி, நெஞ்சிற் பாய வேண்டியது வயிற்றிற் பாய்ந்தது. விலங்கு காட்டுக்குள் ஓடி மறைந்தது. இரண்டு நாள் இரத்தத் துளிகளைத் தொடர்ந்து சென்றார். பின்னர் மழை பெய்தது. தடம் அழிந்தது.

"அது எங்கை கிடந்து செத்ததோ தெரியாது, மாமா. இரவிலை நித்திரை வராமல் அதையே நினைச்சுக்கொண்டு கிடந்தன்" என்றார்.

கிணற்றுக்கட்டின் மறுபுறத்தில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த தமக்கையாரின் கைகள் நின்றுவிட்டதை நாம் கண்டோம். அவர் ஒன்றும் பேசவில்லை.

மருமகன் பின்னர் வில்லைப் பரிசோதித்தபோது காரணம் தெரிந்ததாம். அம்புகள் நிறைந்த தூணி, ஏறக்குறைய ஒரு றாத்தல் எடையுடன், வில்லின் வலப்பக்கத்திற் பொருத்தப்பட்டிருந்தது. குறிபார்க்கும் கருவியும் அதே பக்கம். இரண்டும் சேர்ந்து வில்லின் தலையை வலப்புறம் சாய்த்தன. களைத்த கை அதை உணரவில்லை. சரிந்த நிலத்தில் நின்றதால், நேரானது எது என்று கண்ணும் அறியவில்லை.

வில் சாய்ந்தால் அம்பு ஏன் விலகுகிறது என்பதை மாணவர்கள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். எய்த அம்பு செல்லும் வழியெல்லாம் புவியீர்ப்பினாற் கீழிறங்குகிறது. அந்த இறக்கத்தை ஈடுசெய்யவே குறிபார்க்கும் கருவி அம்பின் முனையைச் சற்று உயர்த்தி வைக்கிறது. வில் நேராக நின்றால் அவ்வுயர்வு முழுவதும் மேல்நோக்கியது. வில் வலப்புறம் சாய்ந்தாலோ, உயர்வில் ஒரு பங்கு பக்கவாட்டிற் போய்விடுகிறது. அம்பு வலப்புறமும் கீழும் விலகும். தொலைவு கூடக் கூட விலகலும் கூடும்.

இக்குறையைத் தீர்க்கும் பொருட்டு 'ஸ்டெபிலைசர்' எனப்படும் சமநிலைத் தண்டு ஒன்று வாங்க அவர் எண்ணினார். கடைகளிலோ பல நீளம், பல எடை, பல விலை. வில்லாளிகள் நால்வரைக் கேட்டால் நான்கு விடை. ஆகவே ஒன்றையும் வாங்காது எம்மிடம் வந்திருந்தார்.

வில்லும் தண்டும்

கைத்தொலைபேசியில் அவர் காட்டிய வில்லைப் பார்த்தவுடன், இராமர் படத்திலுள்ள வில்லோடு இதற்கு என்ன உறவு என்று எமக்குத் தோன்றியது. இருபுறமும் கப்பிகள், அவற்றின் மீது ஓடும் கயிறுகள். நாண் முழுதும் இழுபட்டபின் கையிற் தாங்க வேண்டிய பாரம் வெகுவாகக் குறைந்துவிடுமாறு அமைந்த கூட்டுவில் இது. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தவரான ஹொலிஸ் வில்பர் அலன் 1969இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கும் முன்னரே, 1961இல், ஏர்ல் ஹொயிற் என்னும் வில்செய்வோர் வில்லின் முன்னே எடை தாங்கிய தண்டைப் பொருத்தும் முறையைப் புகுத்தியிருந்தார். 1920இன் பின் ஒலிம்பிக்கை விட்டு நீங்கியிருந்த வில்வித்தை 1972இல் மியூனிக் நகரில் மீண்டும் சேர்ந்தது. அதன்பின் தொலைக்காட்சியில் வில்லாளிகளைப் பார்த்த எவரும், வில்லின் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த நீண்ட குச்சி எதற்கென்று வியந்திருப்பர்.

விடை எம் முன்னாலேயே நின்றது. தமக்கையார் வீட்டிற் தண்ணீரை இறைப்பது இயந்திரம். ஆயினும் பழைய துலாவை அவர் அகற்றவில்லை. ஆடுகாலின் மேல் நீண்ட துலா. ஒரு முனையில் துலாக்கொடி. மறு முனையில் ஒரு பாறாங்கல். தோட்டக் கிணறுகளில் மனிதர் துலாவின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பர். வீட்டுக் கிணற்றில் அவ்வேலையைக் கல் செய்யும். கல்லை ஆடுகாலுக்கு அருகிற் கட்டினால் வாளியைத் தூக்க மாட்டாது. தூரத்திற் கட்டினால் அதே கல் எளிதிற் தூக்கிவிடும். எடை மட்டும் போதாது, எடை நிற்கும் தூரமும் வேண்டும் என்பதை எம் முன்னோர் புத்தகம் பார்த்து அறிந்தவரல்லர்.

வில்லின் தண்டு செய்யும் பணிகள் இரண்டு. முதலாவது, துலாவின் பணி. ஒருபுறம் இழுக்கும் பாரத்தை எதிர்ப்புறம் எடை வைத்துச் சமப்படுத்துவது. இங்கே தூரம் இருமடங்கானால் அதே எடையின் பலனும் இருமடங்காகும். இரண்டாவது, நடுக்கத்தைத் தணிப்பது. கம்பியில் நடக்கும் கழைக்கூத்தர் நீண்ட மூங்கிலைக் குறுக்கே பிடிப்பதை யாவரும் கண்டிருப்போம். தூரத்திலுள்ள எடை திடீரென்று திரும்ப மறுக்கும். இதனைப் பௌதிகவியலிற் சடத்துவத் திருப்பம் என்போம். இங்கே தூரம் இருமடங்கானாற் பலன் நான்கு மடங்காகும். 5 அங்குலத்தில் 4 அவுன்ஸ் எடை தரும் அமைதியை, 10 அங்குலத்தில் ஒரே ஒரு அவுன்ஸ் தந்துவிடும். ஆகவேதான் தண்டை எடையற்ற கரியிழையாற் செய்து, எடை முழுவதையும் நுனியிற் குவிக்கிறார்கள். அம்பு விடுபட்டபின் வில் அதிர்வதை அடக்க நுனியில் இரப்பர் வைப்பதும் உண்டு. அது துணைப் பணியே.

"அப்பிடியெண்டால் நீளமானதுதானே நல்லது?" என்றார் மருமகன்.

சமதரையிற் குறிப்பலகையை நோக்கி எய்பவருக்கு அது சரி. அவர்கள் 30 அங்குலத் தண்டையும் பொருத்துவர். ஆனால் காட்டில் அது கிளைகளிற் கொளுவும், காற்றுப் பிடிக்கும், முகாமுக்கும் மலைக்கும் இடையே ஒவ்வொரு அவுன்சும் முதுகையும் கையையும் கேட்கும். வேட்டைக்காரர் பெரும்பாலும் 6 முதல் 12 அங்குலத்துள் நின்றுகொள்வது இதனாலேயே. வில்லே துணைக்கருவிகளுடன் 5 றாத்தலுக்குக் குறையாது.

கட்டையும் கல்லும்

கணக்கை மணலில் எழுதிப் பார்த்தாற் போதாது, கையிற் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று கருதினோம். வில்லோ கடலுக்கு அப்பால் இருந்தது. எனவே பூவரசங் கட்டையொன்றை வில்லளவு பாரம் வருமாறு வெட்டி, நடுவிற் கைப்பிடி செதுக்கினோம். வலப்பக்கம் தூணிக்குப் பதிலாக ஒரு றாத்தல் தண்ணீர்ப் போத்தலைக் கட்டினோம். அயல் வீட்டு மேசனிடம் இரசமட்டம் இரவல் வாங்கிக் கட்டையின் மேல் வைத்தோம். மூங்கிற் குச்சிகளை 6, 8, 10, 12 அங்குலங்களில் நறுக்கினோம். சமையலறைத் தராசில் நிறுத்த இரும்பு நட்டுகளே எடைகள்.

முதலில் தண்டே இல்லாமற் பார்த்தோம். மருமகன் கண்ணை மூடிக்கொண்டு கட்டையைத் தமக்கு நேரென்று தோன்றுமாறு நீட்டிப் பிடித்தார். கண் திறந்தபோது இரசமட்டத்தின் குமிழி ஓரத்தில் ஒதுங்கி நின்றது. கண் மூடிப் பிடிப்பதே நல்ல சோதனை. கண் திறந்திருந்தால் கை திருத்திக்கொள்ளும்; மலைச்சரிவில் அவ்வாறு திருத்த நேரம் இராது.

அடுத்து, எடை எதையும் கூட்டுமுன், போத்தலைக் கட்டையோடு ஒட்டி நெருக்கிக் கட்டினோம். குமிழி பாதி வழி திரும்பியது. புதியதொன்றை வாங்குமுன் உள்ளதைச் சரியான இடத்தில் வைத்தாலே குற்றத்திற் பெரும்பங்கு நீங்குகிறது. தூணியை வில்லுடன் நெருக்கிப் பொருத்துவதற்கு ஒரு சதமும் செலவில்லை.

பின்னர் முன் தண்டு. அதனைப் பொருத்தியதும் நடுக்கம் தணிந்தது. ஆனால் கட்டையின் முகம் கீழே தொங்கியது. அதற்கு ஈடாக, பின்னோக்கி, எய்பவரின் பக்கமாக, ஒரு குறுந்தண்டு வேண்டும். அதை நேராகப் பின்னே விடாமல் இடப்புறம் சற்று விலக்கி வைத்தால், தூணி வலப்புறம் இழுப்பதையும் அதுவே எதிர்த்து நிற்கும். ஒரே தண்டு இரு வேலை செய்யும். பின்தண்டு நீளத்தில் குறைந்ததாகையால் எடையில் முன்தண்டை விஞ்சியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒன்றையே மாற்றினோம். நீளத்தையும் எடையையும் ஒருங்கே மாற்றினால் நன்மை எதனால் வந்ததென்று அறிய முடியாது.

நண்பகலளவில் எமக்கு வெற்றி கிட்டியது போலிருந்தது. முன்னே 12 அங்குலத்தில் 8 அவுன்ஸ். பின்னே 8 அங்குலத்தில் 12 அவுன்ஸ். குமிழி நடுவில் அசையாமல் நின்றது. நாம் பெருமையுடன் தமக்கையாரை அழைத்துக் காட்டினோம்.

அவர் சற்று நேரம் பார்த்தார். "விறாந்தையிலை காவடியைத் தூக்கிப் பாத்திட்டுப் பாரமில்லை எண்டு சொல்லுறவையும் இருக்கினம். மூண்டாம் வீதியிலைதான் பாரம் தெரியும். கோயிலடிக்கு ஓடிப் போட்டு வந்து பிடிச்சுப் பாரடா" என்றார்.

பட்டப் படிப்புப் படித்த இருவருக்கும் தோன்றாத சோதனை அது. மருமகன் கோயில் வரை ஓடி, மூச்சிரைக்கத் திரும்பி வந்து கட்டையைப் பிடித்தார். குமிழி இங்கும் அங்கும் அலைந்தது. அமைதியான கைக்கு மிகச் சிறந்ததாய் இருந்த அமைப்பு, களைத்த கைக்கு மிகப் பொல்லாததாயிற்று. தோள் பாரத்தைத் தாங்காமல் நடுங்க, தண்டு தணித்ததை விடத் தசை எழுப்பிய நடுக்கம் மிகுந்தது. எடையைக் குறைத்துக் குறைத்து மீண்டும் மீண்டும் ஓடினார். ஒழுங்கையிற் போன சிறுவர்கள் இதை வேடிக்கை பார்க்கத் திரண்டுவிட்டார்கள்.

இறுதியில் முன்னே 10 அங்குலத்தில் 4 அவுன்சும், பின்னே 8 அங்குலத்தில் 6 அவுன்சும் நின்றன. ஓடி வந்த கையிலும் குமிழி நடுவை நாடியது. இன்னும் குறைத்தபோது அமைதி கெட்டது. இது அவருடைய கைக்கும் தோளுக்கும் உரிய கணக்கு, வேறொருவருக்கு வேறாகும். மெய்யான வில்லிலும், வேட்டைக்குரிய அம்பும் நிறைந்த தூணியும் பூட்டி, மலையேறி வந்த மூச்சோடு இச்சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று குறித்துக் கொடுத்தோம்.

விண்ணில் ஒரு வில்

பிற்பகலில் கந்தசுவாமி கோயிலுக்குப் புறப்பட்டோம். தை மாதம் யாழ்ப்பாணத்து வானம் பட்டங்களுக்கு உரியது. வெட்டவெளியிற் சிறுவர் சிலர் பெரிய பட்டமொன்றை ஏற்ற முயன்றுகொண்டிருந்தனர். அதன் தலையில் ஒரு வில் கட்டப்பட்டிருந்தது. வளைத்த கமுகஞ் சலாகையில் மெல்லிய நாரை இழுத்துப் பூட்டிய அவ்வில்லை எம்மவர் 'விண்' என்பர். காற்றுப் பட்டதும் அது கூவும். இரவெல்லாம் வானில் நின்று கூவுவதும் உண்டு.

அன்று காற்றுப் பலமாயிருந்தது. பட்டம் சற்று எழுந்ததும் தலைகீழாகக் குத்தியது. மூத்தவன் வாலில் ஒரு முழச் சேலைக்கிழிசலை முடிந்தான். இம்முறை குத்தவில்லை, ஆனால் எழவுமில்லை. பாதியைக் கிழித்தெறிந்தான். பட்டம் நிமிர்ந்து ஏறியது. விண் கூவத் தொடங்கியது.

"எங்கடை கணக்குத்தான், மாமா" என்று மருமகன் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அதுவே முதல் தடவை.

மாலையிற் பெருமஞ்சம் அசைந்து வந்தது. அரோகரா ஒலியும் தவிலொலியும் ஒன்றுபட, அவ்வளவு பெரிய மரக்கோபுரம் ஒளிவெள்ளத்தில் மெல்ல நகர்ந்த காட்சியை எழுத்தில் அடக்க இயலாது. வழிபாடு முடிந்து வீதியோரத்தில் அமர்ந்திருந்தபோது தமக்கையார் தாமாகவே பேச்சைத் தொடங்கினார்.

எம் கோயில்களின் மகோற்சவத்தில் வேட்டைத் திருவிழா என்று ஒன்று உண்டு. இறைவனே வேட்டைக்கு எழுந்தருள்வார். வேட்டை முடிந்து மீண்டவருக்குப் பிராயச்சித்த அபிஷேகம் செய்யும் வழக்கமும் உண்டு. "சுவாமிக்கே பிராயச்சித்தம் செய்யினம். அதை யோசிச்சியா?" என்று மகனைக் கேட்டார்.

நாமும் எண்ணிப் பார்த்தோம். எம் இலக்கியம் வில்லை வெறுத்ததன்று. யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகியவற்றை ஒரே அம்பால் வீழ்த்திய வல்வில் ஓரியை வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாட்டிற் போற்றினார். வேடராகிய கண்ணப்பர் நாயன்மாருள் ஒருவர். ஆனால் தவறிய அம்பையும் நம் கதைகள் மறக்கவில்லை. இருளில், ஒலியை மட்டும் கேட்டு, யானையென்று எண்ணித் தசரதன் விட்ட அம்பு முனிவரின் மகனைக் கொன்றது. இராமாயணத்தின் துயரெல்லாம் அதனின்றே தொடங்கின. தசரதனின் வில்லிற் குற்றமில்லை. காணாத குறிமேல் எய்ததே குற்றம்.

எம் தீவின் வேடர்கள் தண்டும் கப்பியும் அற்ற எளிய மரவில்லையே கொண்டிருந்தனர். அவர்கள் நம்பியது தொலைவில் நின்று எய்யும் திறனை அன்று. ஓசையின்றி மிக அருகே செல்லும் பொறுமையை. இன்று அவர்களது பழைய வேட்டைக் காடுகளிற் பெரும்பகுதி 1983இல் அமைந்த மதுறு ஓயா தேசிய வனத்துள் அடங்கிவிட்டது. அங்கே வேட்டைக்கு இடமில்லை. ஆயினும் அவர்கள் விட்டுச்சென்ற பாடம் அல்பேர்ட்டாவுக்கும் பொருந்தும். தண்டு கையின் நடுக்கத்தைத் தணிக்கும், தூரத்தை அளந்து சொல்லாது, காற்றை நிறுத்தாது, எய்யலாமா கூடாதா என்று தீர்மானிக்காது.

இவற்றை நாம் ஒரு விரிவுரை போலவே மருமகனுக்குச் சொல்லி முடித்தோம். தமக்கையார் மூன்றே வாக்கியத்திற் சொன்னார்: "போகவேண்டாம் எண்டு சொன்னால் நீ கேக்கமாட்டாய். அந்தக் குமிழி நடுவிலை நிக்காட்டி மட்டும் அம்பை விடாதை. இதை எனக்குச் சத்தியம் பண்ணித் தா."

மஞ்சத்தின் முன் அவர் சத்தியம் செய்து கொடுத்தார்.

பின்னுரை

மாசி மாதத்தில் மருமகன் தண்டுகளை வாங்கிவிட்டதாக அறிவித்தார். மெய்யான வில்லிற் பொருத்தியபோது எம் கணக்கிற் சிறு திருத்தம் வேண்டியிருந்ததாம். பின்தண்டில் இன்னும் ஒரு அவுன்ஸ் கூட்டினார். கோடை முழுவதும் வீட்டுக்கருகிலுள்ள குன்றில் ஏறி இறங்கி, மூச்சு வாங்க வாங்கப் பயின்றார். 40 யாரில் நெஞ்சளவு வட்டத்துள் பத்து அம்பும் விழாத நாட்களில் அத்தொலைவைத் தமக்கு உரியதன்று எனத் தள்ளி, 30 யாருக்குள் நின்றுகொண்டார்.

புரட்டாதியில் மலைக்குச் சென்றார். ஐந்தாம் நாள் மாலை 30 யாருக்குள் ஓர் ஆண் எல்க் வந்து நின்றது. அவர் நாணை முழுதும் இழுத்தார். வில் அமைதியாகவே நின்றது. ஆனால் சரிவிலே வலக்கால் வழுக்கிக்கொண்டிருந்தது. குமிழி ஓரத்தை நோக்கி நகர்ந்தது. காலைத் திருத்த முயன்றார்; குமிழி திரும்பவில்லை. விலங்கு தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தது. அவர் நாணை மெல்லத் தளர்த்தி அம்பை இறக்கினார். அது மரங்களுக்குள் நடந்து சென்றது. அவ்வாண்டு அவர் வெறுங்கையுடனேயே வீடு திரும்பினார்.

இச்செய்தியைத் தொலைபேசியிற் கேட்ட மறுநாள் தமக்கையார் பரராசசேகரப் பிள்ளையாருக்கு மோதகம் அவித்துக் கொண்டுபோனார். எமக்கும் ஒரு பங்கு வந்தது. கொண்டுவந்து தந்தவர் போகுமுன் படலையடியில் நின்று, "தம்பி, அவன் ஒண்டும் எய்யேல்லையெண்டால் அந்தத் தடி வாங்கின காசு வீண்தானே?" என்று கேட்டார்.

வீணில்லை அக்கா, குமிழி சாய்ந்ததை அவர் கண்டுகொண்டது வில் அசையாமல் நின்றபடியாலேதான் என்று விளக்கினோம். அவர் தலையை ஆட்டிவிட்டு, கொக்குவிலையும் கோண்டாவிலையும் கடந்து இணுவிலுக்குப் போகும் பஸ்வண்டியைப் பிடிக்க விரைந்தார்.